கை கொடுக்காத மருந்துகள்

"பக்கவாதத்துக்குப் புதிய மருந்து" என்று எங்கேயாவது ஒரு செய்தி வந்தால் போதும், எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பொழுது சாய்வதற்குள் மூன்று பேர் அதை அனுப்பிவிடுவார்கள். "இந்த மருந்தால் ஒரு பயனும் இல்லை என்று தெரிந்துவிட்டது" என்ற செய்தி ஒரு தடவைகூட வந்ததில்லை. வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால், நகையை அடகுக் கடைக்கு எடுத்துப் போவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது இந்த இரண்டாவது வகைச் செய்தியைத்தான். நான் மதுரையில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவன். "வித்தியாசம் இல்லை" என்று முடிகிற ஆராய்ச்சிக் கட்டுரைகளை விரும்பிப் படிக்கிற அபூர்வப் பிறவி. அப்பாவுக்கு வாதம் வந்த 2017-இலிருந்து இந்த ஆய்வுகளைத் தேடித்தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். பலித்த மருந்துகளைவிடப் பலிக்காத மருந்துகள் எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்திருக்கின்றன. நான் மருத்துவன் இல்லை. இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்தவோ தொடங்கவோ வேண்டாம்.

அப்பாவுக்குச் சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால். பிரஷர் இருந்தது, மாத்திரையும் இருந்தது. தலை கிறுகிறுத்தால் போடுவார், இல்லாவிட்டால் டப்பா டிவி மேலேயே கிடக்கும். ஒருநாள் காலை எழும்போதே வலது கை கால் விழுந்து, பேச்சும் குழறியது. மதுரைக்குக் கொண்டுபோன ஆஸ்பத்திரியில் பணியில் இருந்த இளம் டாக்டர் அம்மாவிடம், "எத்தனை மணிக்கும்மா வந்துச்சு?" என்று கேட்டார்.

"ஆறு மணிக்குங்க சார். காப்பி குடுக்கப் போனேன், எந்திரிக்க முடியல."

"அது நீங்க பார்த்த நேரம். கடைசியா நல்லா பேசினது எப்ப?"

அம்மாவுக்குக் கேள்வி புரியவில்லை. நான்தான் எடுத்துச் சொன்னேன். "ராத்திரி ஒம்பதரைக்குப் பேசினாரு. மோட்டார் காயில் போச்சுன்னு வஞ்சுக்கிட்டே படுத்தாரு" என்றார். டாக்டர் ஏட்டில் "இரவு 9.30" என்று எழுதினார். அந்த ஒரு வரியோடு, மூளைக் குழாயை அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி அப்பாவுக்கு இல்லை என்று முடிவாகிவிட்டது. அம்மாவைப் பொறுத்தவரை ஆறு மணிக்கு வந்த நோய்க்கு ஏழரைக்கெல்லாம் ஆஸ்பத்திரியில் இருந்தோம். மருத்துவக் கணக்கில் பத்து மணி நேரம் கழிந்திருந்தது, ஊசிக்குக் கெடு நாலரை மணி நேரம்.

இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது? தோற்றுப்போன ஆய்வுகள் பெற்ற பிள்ளை இது. மாரடைப்பில் ரத்தக்கட்டியைக் கரைக்க ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்ற மருந்து 1980-களில் பேர் வாங்கியிருந்தது. நெஞ்சில் அடைப்பைக் கரைக்கிற மருந்து மூளையில் அடைப்பையும் கரைக்காதா என்று 1990-களின் தொடக்கத்தில் ஐரோப்பா, இத்தாலி, ஆஸ்திரேலியா என மூன்று இடங்களில் ஆய்வு நடந்தது. மூன்றையும் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. மருந்து கொடுத்தவர்களுக்கு மூளைக்குள் ரத்தம் கசிந்து சாவு கூடியது. அதோடு கடையைக் கட்டியிருக்கலாம். ஆஸ்திரேலிய ஆய்வில் மட்டும் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. மூன்று மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவர்கள், தாமதமாகப் பெற்றவர்கள் அளவுக்குக் கெட்டுப்போகவில்லை.

1995-இல் அமெரிக்காவில் முடிந்த ஆய்வு வேறு மருந்தை எடுத்துக்கொண்டது. பெயர் ஆல்ட்டிப்ளேஸ். மொத்தம் 624 பேர், எல்லோருக்கும் மூன்று மணி நேரத்துக்குள் ஊசி. ஆய்வின் இரண்டாம் பகுதியில் இருந்த 333 பேரை மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், ஊனம் ஏதுமில்லாமலோ மிகச் சிறிய குறையோடோ இருந்தவர்கள் மருந்துக் குழுவில் நூற்றுக்கு 39 பேர், வெற்று மருந்து, அதாவது மருந்தே இல்லாத ஊசி போட்ட குழுவில் 26 பேர். மொத்தப் பேரிலும் நிலைமையை மோசமாக்கும் மூளைக் கசிவு மருந்துக் குழுவில் 6.4 சதவீதம், மற்றதில் 0.6 சதவீதம். பத்து மடங்கு கசிவு. அப்படியும் மூன்று மாதத்தில் சாவு மருந்துக் குழுவில் கூடவில்லை. 2008-இல் வந்த இன்னொரு ஆய்வு இந்த நேரத்தை நாலரை மணி வரை நீட்டியது. மூளைக்குப் போகும் பெரிய ரத்தக் குழாய் அடைத்தால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பு செல்கள் சாகின்றன என்று 2006-இல் ஜெஃப்ரி சேவர் கணக்குப் போட்டுக் காட்டினார். சொந்தபந்தத்தில் யாருக்காவது வந்து, "விடிஞ்சதும் கூட்டிட்டுப் போவோம்" என்று யாராவது இழுத்தால் நான் இந்தக் கணக்கைத்தான் சொல்வேன்.

அப்பாவைப் போலத் தூக்கத்தில் வாதம் வந்து எழுகிறவர்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். அவர்களுக்கு ஊசியே கிடையாது என்றிருந்த நிலை 2018-இல் மாறியது. எம்ஆர்ஐயில் ஒரு வகைப் படத்தில் பாதிப்பு தெரிந்து, இன்னொரு வகைப் படத்தில் இன்னும் தெரியாமல் இருந்தால், வாதம் வந்து அதிக நேரம் ஆகவில்லை என்று பொருள். அப்படிப்பட்டவர்களாகப் பார்த்து ஊசி போட்டதில், நன்றாகத் தேறியவர்கள் 53 சதவீதம். போடாதவர்களில் 42 சதவீதம். அப்பாவுக்கு வந்தது அதற்கு முந்தைய வருஷம். இதை அம்மாவிடம் நான் சொல்லவே இல்லை, சொல்லி என்ன ஆகப்போகிறது.

ஸ்கேனைப் பற்றி ஒரு வார்த்தை. "சிடி ஸ்கேன்ல ஒண்ணும் இல்லையாம், எதுக்கு மாமா ஆஸ்பத்திரியில வச்சிருக்காங்க?" என்று இன்றைக்கும் யாராவது போன் போடுகிறார்கள். அடைப்பினால் வரும் வாதத்தில் முதல் சில மணி நேரம் சிடி படம் சாதாரணமாகவே தெரியலாம். அந்த ஸ்கேன் எடுப்பது ரத்தக் கசிவு இல்லை என்று உறுதி செய்துகொள்ளத்தான். கசிவு இருக்கும்போது கட்டி கரைக்கும் ஊசியைப் போட்டால் ஆளே போய்விடுவார். வெளியிலிருந்து பார்த்து இது கசிவா அடைப்பா என்று எப்பேர்ப்பட்ட டாக்டராலும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. அதனால் வாய் கோணி, கை விழுந்து, பேச்சு குழறுகிற ஒருவரை ஸ்கேன் வசதி இல்லாத இடத்தில் குளுக்கோஸ் ஏற்றி உட்கார்த்திவைப்பதில் பிரயோசனம் இல்லை. சோழவந்தானிலிருந்து மதுரைக்கு இருபது கிலோமீட்டர் சொச்சம்தான். நேரம் போவது சாலையில் இல்லை. தெருவில் யார் வீட்டு வண்டியைக் கேட்பது, சித்தப்பா வரட்டுமா, முதலில் பக்கத்து கிளினிக்கில் காட்டிவிட்டுப் போவோமா என்று திண்ணையிலேயே போய்விடுகிறது. கோரிப்பாளையம் பக்கத்துப் பெரியாஸ்பத்திரி, அதாவது அரசு இராசாசி மருத்துவமனை, ராத்திரி பகல் எந்நேரமும் திறந்துதான் இருக்கிறது. 108-ஐக் கூப்பிட காசும் இல்லை.

தோல்வி பாடம் சொன்ன இன்னொரு கதை, தொடையிலுள்ள ரத்தக் குழாய் வழியாக வயர் விட்டுக் கட்டியை வெளியே இழுப்பது. 2013-இல் இதைப் பற்றி மூன்று ஆய்வுகள் ஒரே சமயத்தில் வெளியாயின. மூன்றிலும் பயன் தெரியவில்லை. இந்த வைத்தியமே முடிந்தது என்றுகூடச் சிலர் பேசினார்கள். சேர்த்துக்கொண்ட நோயாளிகளைத் திரும்பப் பார்த்தபோதுதான் சங்கதி தெரிந்தது. பலருக்குப் பெரிய குழாயில் அடைப்பு இருக்கிறதா என்றே படம் எடுத்துப் பார்த்திருக்கவில்லை. கருவிகளும் பழையவை, தொடங்கவும் தாமதம். நெதர்லாந்தில் 500 பேரை, பெரிய குழாய் அடைப்பைப் படத்தில் உறுதி செய்து, புதுக் கருவியோடு பார்த்தார்கள். தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் நிலைக்கு வந்தவர்கள் 19 சதவீதத்திலிருந்து 33 சதவீதமாக உயர்ந்தார்கள். 2015-இல் அடுத்தடுத்து நாலு ஆய்வுகள் அதையே சொல்லின. 2018-இல் வந்த இரண்டு ஆய்வுகள், படம் பார்த்துத் தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரைகூடச் செய்யலாம் என்று காட்டின. 2013-இல் நிறுத்தியிருந்தால் இது எதுவும் இல்லை. என் மாணவர்களுக்கு இதை வருஷா வருஷம் சொல்கிறேன்: "பயன் இல்லை" என்று ஒரு ஆய்வு சொன்னால், யாருக்கு, எப்போது, எதை வைத்து என்று கேட்டுவிட்டு நம்பு.

சரி, ஊசியும் வயரும் கிடைக்காத எங்கள் வீட்டுக்கு வருவோம்.

வார்டில் முதல் நாள் மத்தியானம் அயித்தை ஃப்ளாஸ்க்கில் காப்பி கொண்டுவந்தார். அண்ணன் ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணிகூடக் குடிக்கவில்லை என்று அவருக்குப் பதைப்பு. டம்ளரை அப்பாவின் வாயருகே கொண்டுபோகும்போது வார்டு சிஸ்டர் வந்து கையைப் பிடித்துவிட்டார். "ஏம்மா, முழுங்குறாரான்னு பாக்காம வாயில ஒண்ணும் ஊத்தாதீங்க. நேரா நெஞ்சுக்குள்ள போயிரும்." பிறகு அவரே அப்பாவைச் சாய்த்து உட்காரவைத்து, ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுத்து, தொண்டையில் இரண்டு விரலை வைத்துப் பார்த்தார். இருமல் வந்தது. குரலும் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது மாதிரி மாறியது. அன்றைக்கே மூக்கு வழியாகக் குழாய் போட்டார்கள். அயித்தைக்குக் கோபம், காப்பியோடு வெளியே போய்விட்டார்.

அந்த ஒரு ஸ்பூன் தண்ணீரின் மதிப்பு எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 19 பக்கவாதப் பிரிவுகளில் செய்த ஆய்வு ஒன்று 2011-இல் வெளியானது. புது மருந்து கிடையாது, கருவி கிடையாது. காய்ச்சல், சர்க்கரை, விழுங்குதல் ஆகிய மூன்றையும் முதல் மூன்று நாள் நர்ஸுகள் முறையாகக் கவனித்தார்கள், அவ்வளவுதான். 90 நாளில் இறந்தோ பிறர் உதவியில் வாழ்ந்தோ இருந்தவர்கள் 58 சதவீதத்திலிருந்து 42 ஆகக் குறைந்தார்கள். பக்கவாத ஆய்வுகளில் இவ்வளவு பெரிய வித்தியாசம் காட்டியவற்றை விரல் விட்டு எண்ணிவிடலாம். இதை எந்த வாட்ஸ்அப் குழுவும் அனுப்பவில்லை, விற்க ஒன்றுமில்லையே.

விற்க ஒன்று இருந்த கதை சிட்டிகோலின். மூளைச் செல்களைக் காக்கும் என்று எழுதிக்கொடுத்த மருந்து, முதலில் ஊசியாக, பிறகு மாத்திரையாக. எங்கள் மருந்துக் கடைப் பில்லில் மற்ற எல்லா மாத்திரைகளையும் கூட்டினாலும் இந்த ஒன்றைத் தொடாது. ஐரோப்பாவில் 2,298 பேரிடம் இக்டஸ் என்ற ஆய்வு நடந்து 2012-லேயே முடிவு வெளியாகியிருக்கிறது. வாதம் வந்த 24 மணி நேரத்துக்குள் தொடங்கி ஆறு வாரம் கொடுத்தார்கள். பாதிப் பேருக்குச் சிட்டிகோலின், பாதிப் பேருக்கு வெற்று மருந்து. மூன்று மாத முடிவில் வித்தியாசம் இல்லை. எங்களுக்கு எழுதிக்கொடுத்த டாக்டரிடம் இதைக் கேட்டேன். அவர் எரிந்து விழவில்லை. "கெடுதல் இல்லீங்க. எதாவது குடுங்கன்னு சொந்தக்காரங்க கேக்குறாங்க" என்றார். அது உண்மைதான். வெறும் ஆஸ்பிரினும் கொழுப்பு மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் எழுதிக்கொடுத்தால், "இம்புட்டுத்தானா?" என்று கேட்கிற கூட்டம் நாம். அந்த "இம்புட்டு" மாத்திரைகள்தான் அடுத்த வாதத்தைத் தடுக்கும் என்று நிரூபணமானவை. விலையும் மலிவு.

மூளைச் செல்லைக் காக்கும் மருந்துகள் என்று மட்டும் 2006 வரை பரிசோதித்தவற்றை ஒரு ஆராய்ச்சிக் குழு ஒவ்வொன்றாக எண்ணிப் பட்டியல் போட்டது. ஆய்வுக்கூடத்தில் பார்த்தவை 1,026. எலியிடம் வேலை செய்தவை ஏராளம். மனிதரிடம் வந்தபோது ஒன்றன் பின் ஒன்றாகக் கழன்றன.

அப்பாவின் கைக்கு வருகிறேன். ஒரு சாயங்காலம் அப்பா வலது கையைத் தோள் மட்டத்துக்குத் தூக்கினார். வீடே கூடிவிட்டது. அயித்தை, தான் தினமும் தேய்த்துவிட்ட எண்ணெய் என்றார். சித்தப்பா யாரிடமோ சொல்லி வாங்கிவந்து கையில் பூசிய புறா ரத்தம் என்றார். நம் பக்கத்தில் வாதத்துக்குப் புறா ரத்தம் என்பது பெரியவர்கள் கேள்வி கேட்காமல் நம்புகிற ஒன்று. மருந்துக்கடைத் தம்பி, "சிட்டிகோலின்தான்ணே, நான் அப்பவே சொன்னேன்ல" என்றான். அம்மா ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் ஜெனகை மாரியம்மனுக்கு நேர்ந்திருந்த காசை எடுத்துத் தனியாக முடிந்துவைத்தார். பிசியோதெரபிஸ்ட் மட்டும், "நல்லா வருதுங்கய்யா, இன்னும் பத்துத் தடவை" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பினார்.

நாலு பேரும் சொன்னது பொய் இல்லை. அவரவர் கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னார்கள். எண்ணெய் தேய்த்தார்கள், கை தூக்கிற்று. ஆனால் அடைப்பால் வாதம் வந்தவர்களில் பெரும்பாலோருக்கு முதல் மூன்று மாதத்தில் ஏதோ ஓரளவு தானாகவே திரும்பும். மூளையில் வீங்கிக் கிடந்த பகுதி வடிகிறது, அரைமயக்கத்தில் இருந்த செல்கள் விழிக்கின்றன, பக்கத்துப் பகுதிகள் வேலையைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. அந்த மூன்று மாதத்தில் எதைக் கொடுத்தாலும் அது பலித்த மாதிரியே இருக்கும். இதனால்தான் குலுக்கல் போட்டு இரண்டு குழுவாகப் பிரிக்கிறார்கள். மருந்து வாங்காத குழு எவ்வளவு தேறியது என்று தெரியாமல், வாங்கிய குழு தேறியதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. சிட்டிகோலின் அந்தச் சோதனைக்கு உட்கார்ந்து தோற்றது. புறா ரத்தம் அந்தச் சோதனைக்கே வரவில்லை. எனக்குத் தோற்ற மருந்தின் மேல் கொஞ்சம் மரியாதை உண்டு.

புறா ரத்தம் தோலில் பூசுவதோடு நின்றால் போகட்டும் என்று விட்டுவிடலாம். பத்தியம் என்று சொல்லி இங்கிலீஷ் மாத்திரையை நிறுத்தச் சொல்வதுதான் பயம். சித்தப்பா கூட்டிவந்த வைத்தியரும் அதையே சொன்னார். அப்பாவே, பாதிப் பேச்சில், "பிரஷர்... மாத்திர... நிப்பாட்ட மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். டிவி மேல் டப்பாவை வைத்தவர் சொன்னது.

இன்னொரு பக்கம் நடை. "படுக்கையில போட்டா கை கால் மரத்துரும், எந்திரிக்க வச்சு நடக்க விடுங்கப்பா" என்பது பார்க்க வருகிற ஒவ்வொருவரும் சொல்கிற அறிவுரை. டாக்டர்களும் பல காலம் இதை நம்பினார்கள். நம்பியதைச் சோதிக்க 2,104 பேரிடம் அவெர்ட் என்ற ஆய்வு நடந்தது, 2015-இல் முடிவு வந்தது. ஒரு குழுவை 24 மணி நேரத்துக்குள் எழுப்பி, அடிக்கடி, அதிக நேரம் நிற்கவும் நடக்கவும் வைத்தார்கள். இன்னொரு குழுவுக்கு வழக்கமான கவனிப்பு. நன்றாகத் தேறியவர்கள் முதல் குழுவில் 46 சதவீதம், இரண்டாவதில் 50. சீக்கிரம், அதிகம் என்பது கொஞ்சம் கெடுதலே செய்தது. இதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வழக்கமான குழுவிலும் பெரும்பாலோர் முதல் நாளிலேயே எழுந்துவிட்டார்கள், ஆகவே இது "படுத்தே கிட" என்று சொல்கிற ஆய்வு இல்லை. பிறகு விவரங்களை அலசியபோது, கொஞ்ச கொஞ்ச நேரமாக அடிக்கடி எழுப்புவது நல்லதாகத் தெரிந்தது. முதல் நாளே ஆளைத் தோளில் சாய்த்து வராந்தா முழுக்க இழுத்துக்கொண்டு போகிற மைத்துனர்களுக்கு இந்தத் தகவல்.

எல்லாவற்றிலும் என்னைத் தூங்கவிடாத ஆய்வு இந்தியாவில் நடந்தது. பெயர் அட்டெண்ட். 14 ஆஸ்பத்திரிகள், 1,250 நோயாளிகள், லூதியானா சிஎம்சியின் ஜெயராஜ் பாண்டியன் முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர். யோசனை நம் ஊருக்கென்றே செய்தது. பிசியோதெரபிஸ்டுகள் போதாது, குடும்பம் இருக்கிறது. மனைவிக்கும் மகனுக்கும் பயிற்சி கொடுத்து, அவர்களையே வீட்டில் பயிற்சி செய்யவைத்தால்? நான் மட்டும் முன்கூட்டிப் பந்தயம் கட்டியிருந்தால் இதன் மேல்தான் கட்டியிருப்பேன். 2017-இல் முடிவு வந்தது. ஆறு மாதத்தில் இறந்தோ பிறரைச் சார்ந்தோ இருந்தவர்கள், குடும்பத்துக்குப் பயிற்சி கொடுத்த குழுவில் 47 சதவீதம். கொடுக்காத குழுவிலும் 47 சதவீதம்.

இதைப் படித்த அன்று எனக்கு ஒரு வகையில் நிம்மதி. அம்மா அப்போது தினமும், "நான் இன்னும் ரெண்டு வேளை அதிகமா கையை மடக்கி நீட்டியிருந்தா சரியாயிருக்குமோ" என்று புலம்பிக்கொண்டிருந்தார். 1,250 வீடுகளைப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்கள் அம்மா, உன் மேல் தப்பில்லை என்று சொன்னேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் நம்பிக்கை இல்லை, ஆனால் புலம்பல் கொஞ்சம் குறைந்தது. இன்னொரு வகையில் கோபம். குடும்பத்தைக் காட்டித் தப்பித்துக்கொள்ள முடியாது என்றுதானே இதற்குப் பொருள்? அன்பு இருக்கிறது, ஆள் இருக்கிறது என்பதால் பயிற்சி பெற்ற சிகிச்சையாளருக்கு ஈடாகிவிடாது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வீட்டுக்கே பிரஷர், சர்க்கரை மாத்திரை கொண்டுவருகிறது, இயன்முறை சிகிச்சையாளரையும் அனுப்புகிறது. அந்த இரண்டாவது பாதியைத்தான் இன்னும் பல மடங்கு ஆக்க வேண்டும் என்பது என் கட்சி.

கைக்கு உண்மையிலேயே பயன் தரும் என்று ஆய்வில் தேறியது ஒன்று உண்டு. நல்ல கையைக் கட்டிவைத்துவிட்டு, விழுந்த கையால்தான் எல்லாம் செய்ய வேண்டும். 222 பேரிடம் நடந்து 2006-இல் வந்த ஆய்வு அது. இரண்டு வாரப் பயிற்சியில் கிடைத்த முன்னேற்றம் ஒரு வருஷம் கழித்தும் நின்றது. ஆனால் மணிக்கட்டும் விரல்களும் கொஞ்சமாவது நிமிரக்கூடியவர்களுக்குத்தான் இது ஆகும். எங்கள் பிசியோதெரபிஸ்டுக்கு இந்த ஆய்வெல்லாம் தெரியுமோ தெரியாதோ, அப்பாவின் விரல் நிமிர ஆரம்பித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "அய்யா என்ன வேலை பார்த்தாரு?" என்பதுதான்.

மறுநாள் கொடிக்காலிலிருந்து கிழிசல் வெற்றிலை ஒரு கூடை வந்தது. இடது கையில் துண்டைச் சுற்றி முடிச்சுப் போட்டாயிற்று. வலது கையால் ஒவ்வொரு வெற்றிலையாகக் காம்பைப் பிடித்து எடுத்து, காம்பு ஒரே பக்கம் வருகிற மாதிரி அடுக்கிக் கவுளி கட்ட வேண்டும். ரப்பர் பந்தை அமுக்கச் சொன்னபோது இரண்டு நிமிஷத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டவர், வெற்றிலையோடு மணிக்கணக்காக உட்கார்ந்தார். முதலில் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேரவே சேராது, வெற்றிலை நடுவில் கசங்கும். வழவழவென்று இருக்கிற புது வெற்றிலை நழுவும், வாடினது கொஞ்சம் பிடி கொடுக்கும் என்று அவரே கண்டுபிடித்து, வாடினதாகப் பார்த்துக் கேட்டார். எண்ணும்போது வாய்விட்டு எண்ணச் சொன்னார்கள். "பதினஞ்சு" வராது, "பதினாறு" வரும். பதினைந்தாவது வெற்றிலைக்கு ஒரு தலையாட்டல் போட்டுவிட்டுத் தாண்டிப் போவார். வாழை நாரில் முடிச்சுப் போட மட்டும் கடைசி வரை வரவில்லை, அதை அம்மா போட்டார்.

திரும்ப வராமல் இருக்க என்ன செய்வது என்பதில் நம் நாட்டு ஆய்வு இன்னொன்றும் கையை விரித்தது. ஸ்பிரிண்ட் இந்தியா என்று பெயர். நாலாயிரம் பேருக்கு மேல், 12 மொழிகளில் குறுஞ்செய்தி, வீடியோ, கைப்புத்தகம் எல்லாம் அனுப்பி, மாத்திரை சாப்பிடுங்கள், புகையை விடுங்கள் என்று ஒரு வருஷம் நினைவூட்டினார்கள். 2023-இல் வந்த முடிவு, மறுபடி வாதமோ மாரடைப்போ வருவது குறையவில்லை. குடியையும் புகையையும் விட்டவர்கள் சற்றுக் கூடியிருந்தார்கள். அப்பாவுக்கு வந்த இப்படிப்பட்ட செய்திகளையெல்லாம் என் தங்கச்சி மகன் அழித்துக்கொண்டிருந்தான், கேம் விளையாட இடம் இல்லையாம்.

பிரஷர்தான் முதல் குற்றவாளி என்பதில் சண்டை இல்லை. கேரளத்தில் பிறந்த சலீம் யூசுஃப் உள்ளிட்டோர் 32 நாடுகளில் 26,919 பேரைப் பார்த்து 2016-இல் வெளியிட்டதில், பத்துக் காரணங்களே பக்கவாதத்தில் 90 சதவீதத்தை விளக்கிவிடுகின்றன, அதில் ஏறக்குறைய பாதி பிரஷருக்குப் போகிறது. மருந்தில்லாமல் அதைத் தொட்ட ஆய்வுகளில் எனக்குப் பிடித்தது சீனாவில் 600 கிராமங்களில் நடந்தது. பாதிக் கிராமங்களுக்கு வழக்கமான உப்பு. மீதிக் கிராமங்களுக்குக் கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பு. ஏற்கெனவே வாதம் வந்தவர்கள், அல்லது 60 வயது தாண்டிய பிரஷர்காரர்கள், மொத்தம் 21 ஆயிரம் பேர். 2021-இல் முடிவு: வாதம் 14 சதவீதம் குறைந்தது. யாரும் கருவாட்டையும் மோர் மிளகாயையும் விடவில்லை, உப்பு டப்பாவை மாற்றினார்கள், அவ்வளவுதான். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்கும் சில பிரஷர் மாத்திரை எடுப்பவர்களுக்கும் இந்த உப்பு ஆபத்து, கேட்காமல் வாங்கக் கூடாது. எங்கள் வீட்டில் டாக்டரைக் கேட்டு மாற்றினோம். ரசத்தில் கசப்பு தட்டுகிறது என்று அப்பா இன்னும் சொல்கிறார்.

புதுசு என்றாலே மேல் என்று நினைப்பதற்கும் ஒரு அடி விழுந்திருக்கிறது. சின்ன வயதில் மூட்டுக் காய்ச்சல் வந்து இதய வால்வு சுருங்கியவர்கள் நம் ஊரில் நிறைய. இதயம் தாறுமாறாகத் துடித்து, உள்ளே ரத்தம் கட்டி, அது மூளைக்குப் போனால் முப்பது நாற்பது வயதிலேயே வாதம். என் சின்னம்மா அப்படித்தான் மாதா மாதம் ரத்தம் கொடுத்து, அது உறைய எவ்வளவு நேரமாகிறது என்று சொல்லும் ஐஎன்ஆர் பார்த்து, ரத்தம் கட்டாமல் தடுக்கும் அசிட்ரோம் மாத்திரை சாப்பிடுகிறார். ரத்தம் பார்க்க வேண்டாத புது மாத்திரை வந்திருக்கிறதாமே என்று அவருக்கு ஆசை. 2022-இல் இன்விக்டஸ் என்ற ஆய்வு, 24 நாடுகளில் 4,500 பேருக்கு மேல் சேர்த்து, இந்த வால்வு நோய்க்காரர்களிடம் அசிட்ரோம் போன்ற பழைய வகை மருந்தையும் புதிய ரிவரோக்ஸபனையும் மோதவிட்டது. பழையது ஜெயித்தது, சாவும் அதில்தான் குறைவு. நடத்தியவர்களே எதிர்பார்க்காத முடிவு. சின்னம்மாவுக்கு இதைக் கேட்டுச் சந்தோஷம் இல்லை, மாதா மாதம் திருமங்கலத்திலிருந்து பஸ் ஏறுவது அவர்தானே.

போன மாதம் பெரியப்பா மகன் பேசினான். பெரியப்பாவுக்கு வாதம் வந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. தூரத்துப் பெருநகரம் ஒன்றில் ஒரு இடத்தில் ஸ்டெம் செல், அதாவது வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல், ஏற்றினால் கை கால் திரும்பும் என்கிறார்களாம். லட்சங்களில் செலவு. வயக்காட்டில் ஒரு பகுதியை விற்கலாமா என்று யோசனை. நான் அவனுக்கு 2014-இல் வந்த ஒரு ஆய்வைச் சொன்னேன். டெல்லி எய்ம்ஸின் காமேஷ்வர் பிரசாத் தலைமையில் இந்தியாவிலேயே நடந்தது. வாதம் வந்து சில வாரங்களில் இருந்த 120 பேரில் பாதிப் பேருக்கு அவர்கள் எலும்பு மஜ்ஜையிலிருந்தே செல்களை எடுத்து ரத்தத்தில் ஏற்றினார்கள். ஆபத்து ஒன்றும் இல்லை. ஆறு மாதத்தில் பயனும் இல்லை.

"120 பேருதானேண்ணே? கம்மி பேரை வச்சுப் பார்த்தா தெரியாமப் போகலாம்ல? நீங்கதானே அப்பிடிச் சொல்லுவீங்க."

சரியான கேள்வி. 120 பேரில் சின்ன நன்மை கண்ணுக்குத் தப்பிவிடலாம், அதை நான் ஒப்புக்கொண்டாக வேண்டும். பெரியப்பாவுக்கு ஒரு வருஷம் கழித்துச் செய்வது வேறு கணக்கு என்றுகூட வாதாடலாம். ஆனால் அந்த இடத்துக்காரர்கள் சொல்வது சின்ன நன்மையை இல்லை. எழுந்து நடப்பார் என்கிறார்கள். அவ்வளவு பெரிய பலன் இருந்தால் 120 பேரில் நிச்சயம் தெரிந்திருக்கும். அவர்களிடமே கேள் என்றேன். ஏற்றாத ஆட்களோடு ஒப்பிட்டுப் பார்த்தீர்களா, அந்த எண்ணிக்கை எங்கே என்று மட்டும் கேள்.

கேட்டிருக்கிறான். பதிலுக்கு ஒருவர் வாக்கரை விட்டுவிட்டு நடக்கிற வீடியோ வந்தது. ஒப்பிட்ட குழு எங்கே என்று மறுபடி கேட்டதற்கு, ஒரு அம்மா கை தூக்குகிற வீடியோ. இரண்டையும் எனக்கு அனுப்பிவிட்டு, "இன்னொருக்கா கேட்டிருக்கேன்ணே" என்று எழுதியிருந்தான். நிலத்துக்கு விலை பேச வந்தவரைச் சித்திரை கழியட்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.